நுகத்தின் நடு ஆணி

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒரு பிற்பகல், எங்கள் கீழைத்தேயக் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர்க்குப் பட்டினப்பாலை பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே கண்டி மலைகளுக்கே உரிய மழை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் பண்பினைப் புலவர் உருத்திரங்கண்ணனார் கூறும் இடம் வந்தது. அவ்வணிகர் பிறரிடம் பொருள் கொள்ளுங்கால் உரிய அளவுக்கு மேற் கொள்ளார். பிறர்க்குக் கொடுக்குங்கால் உரிய அளவிற் குறையக் கொடார் என்பது ஆங்கே பெறப்படும் செய்தி. அதனை விளக்கிவிட்டு மேலே செல்ல முற்பட்டேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கடைக்காரருக்குப் பெருமை நல்லபடி விற்பதில் அல்லவா இருக்கிறது? புலவர் வாங்குவதை ஏன் முதலில் வைத்தார்?" என்று கேட்டார்.

முப்பதாண்டாக அப்பாட்டைக் கற்பித்து வருகிறேன். இந்த வினாவை எவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. "கொண்ட பின்னரே கொடுத்தல் கூடும், ஆதலின் தொழில் நிகழும் முறையிலே வைத்தார்" என்று விடை சொன்னேன். பிழையான விடையன்று. ஆயினும் அம்மாணவர் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. அவர் தந்தையார் ஹங்குராங்கெத்தைப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் மரக்கறி பயிரிடுபவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். விளைவித்ததைப் பிறரிடம் கொடுத்துவிட்டு நிறுவை முள்ளைப் பார்த்து நிற்கும் இடத்திலிருந்து அவர் பாட்டைப் படித்திருக்கிறார். கடையிற் பொருள் வாங்கும் இடத்திலிருந்தே நான் இத்தனை காலமும் படித்து வந்திருக்கிறேன்.

அப்பகுதியிலேயே வணிகர் நெஞ்சின் நடுவுநிலைக்கு ஓர் உவமை அமைந்துளது. இரண்டு எருதுகளைப் பிணைக்கும் நீண்ட நுகத்தடியின் நடுவே ஓர் ஆணி தைத்திருக்கும். பகலாணி என்பது அதன் பெயர். அவ்வாணி ஒரு விரற்கடை விலகினாலும் ஓர் எருதின் கழுத்திற் பாரம் மிகும்; மற்றது சுமையின்றி நடக்கும். உவமையைச் சற்றே விரித்துப் பார்த்தால், ஒருபுறத்து எருது பொருளை விளைவிப்பவன்; மறுபுறத்து எருது அதனை நுகர்பவன்; இடையில் நிற்பவன் வணிகன். வணிகரைப் பற்றிய குறள் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைக்கப்பட்டிருப்பதும், பரிமேலழகர் அதற்கு உரை காணுங்கால் கொள்வது மிகாமையும் கொடுப்பது குறையாமையும் என்னும் இதே கருத்தைக் கொணர்ந்து பொருத்தியிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. இன்னுமொன்று. கொள்ளுதல், கொடுத்தல் என்னும் இவ்விரு சொற்களையே நம்மவர் பெண் கொண்டு பெண் கொடுக்கும் உறவுக்கும் ஆண்டனர். கொண்டான் கொடுத்தான் என்றால் மணவழி உறவினர். வாணிகத்தையும் அவர்கள் ஓர் உறவு முறையாகவே எண்ணினர் போலும்.

இந்நாளிற் சிறந்த வாணிக நிறுவனம் எது என்று எவரையேனும் கேட்டுப் பாருங்கள். இன்ன கடையில் முகம் மலர்ந்து வரவேற்பார்கள், இன்ன கடையிற் பழுதான பொருளை மறுபேச்சின்றி மாற்றித் தருவார்கள், இன்ன கடையில் விலை மலிவு என்றே சொல்வார்கள். இவையெல்லாம் கடையின் முன்வாயிலைப் பற்றிய புகழ்ச்சிகள். அவற்றை நான் சிறிதும் குறைத்துக் கூறேன். முன்வாயிலின் பண்பு எத்தகையது என்பதை இளமையிலேயே கண்டு வியந்தவன் நான்.

மாணவனாயிருந்த காலத்திற் கண்டி நகரத்துப் புத்தகசாலையொன்றில், பல மாதம் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தொல்காப்பிய உரைநூல் ஒன்றை வாங்கினேன். வீட்டிற்கு வந்து பிரித்தால், நடுவே பதினாறு பக்கம் கொண்ட ஒரு படிவம் இல்லை. அதற்கு முந்திய படிவமே இருமுறை வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. சென்னையில் அச்சாகி வந்த நூல். பிழை கடைக்காரருடையதன்று. அஞ்சி அஞ்சித்தான் மறுநாள் கொண்டு சென்றேன். அவர் பக்கங்களை எண்ணிப் பார்த்தார். வேறு பிரதி கடையில் இல்லை. "தம்பி, பரீட்சை எப்போ?" என்று கேட்டார். சொன்னேன். "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் தம் வீட்டிலிருந்த சொந்தப் பிரதியைக் கொணர்ந்து, "மெட்ராஸிலிருந்து புதுசு வரும்வரைக்கும் இதை வைச்சுப் படிங்க" என்று கொடுத்தார். ஓரங்களில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் இருந்தன. புதுப்பிரதி வந்து சேர மூன்று மாதமாயிற்று. அதன் பின்னர் அக்கடையில் எந்த நூலை வாங்கினாலும், பொதியு முன்னர் அவர் படிவம் படிவமாகப் புரட்டிப் பார்த்தே கொடுப்பார். வாடிக்கையாளர் என்ற சொல்லின் பொருளை நான் அங்கேதான் கற்றேன். வாடிக்கை என்பது வழக்கம். வழக்கமாக வருபவரே வாடிக்கையாளர். வரச் செய்வது அவரவர் நடத்தை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. சில ஆண்டுகளின் முன்னர் ஒரு கடையில் மின்னழுத்தி ஒன்றை ஓராண்டு உத்தரவாதத்துடன் வாங்கினேன். ஏழாம் மாதம் அது சூடேற மறுத்தது. கடைக்குப் போனேன். பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். எடுத்து நீட்டினேன், வெற்றுத்தாளாயிருந்தது. மையின்றி வெப்பத்தினால் எழுத்துப் பதிக்கும் தாள் அது. வெளிச்சமும் சூடும் பட்டால் எழுத்து மங்கிவிடுமாம். "திகதி தெரியாதே சேர்" என்றார் அந்த இளைஞர். எழுத்தை அழித்தவன் நானல்லேன் என்று எவ்வளவோ சொல்லியும் பயனில்லை. எழுத்தாணி கொண்டு பனையோலையிற் கீறிய எழுத்து முந்நூறாண்டு நிற்கிறது. இவர்கள் தந்த சீட்டு உத்தரவாதத்தின் ஆயுள் வரைக்கும் நிற்கவில்லை. அன்று தொட்டு எந்தச் சீட்டு வாங்கினாலும் அதன் பின்புறத்தில் திகதியையும் விலையையும் பேனாவால் எழுதி வைத்துவிடுகிறேன். மாணவர்க்கும் அதனையே சொல்கிறேன்.

பொருள் கைமாறிய பின்னும் உறவு அறுவதில்லை என்பதை இந்நாட்டு மக்கள் பரவலாக அறிந்துகொண்டது தையற்பொறியினால் எனலாம். சிங்கர் நிறுவனம் 1877-ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் கடை திறந்தது. பொறியைத் தவணைப் பணத்திற்குக் கொடுப்பதும், தைக்கக் கற்பிப்பதும், பழுது பார்த்துத் தருவதும் அதன் வழக்கம். என் அன்னையாரின் பொறி நாற்பதாண்டு ஓடியது. அதன் உறுப்பு எதனையும் கண்டியிற் கேட்டு வாங்க முடிந்தது. அதனால் எங்கள் வீட்டிற் கல்விச் செலவு நடந்தது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

யாவர்க்கும் ஒரே விலை என்னும் முறையும் பெரியதொரு நன்மை. பாரிஸ் நகரத்துப் போன் மார்சே என்னும் கடையை 1852 முதல் வளர்த்தெடுத்த பூசிக்கோ என்பவர், பொருள்களின்மேல் விலையைப் பொறித்து வைத்தும் பிடிக்காத பொருளைத் திருப்பி ஏற்றும் புகழ்பெற்றவர். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, கூச்சம் உள்ளவனுக்கு வேறொரு விலை என்பது அதனால் ஒழிந்தது. வீட்டிலிருந்து அனுப்பிய சிறுபிள்ளையும் அதிபரும் ஒரே காசு கொடுக்கும் கடை நாகரிகமான கடை. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இத்தகைய முறைகளுக்குக் காவலாய் நிற்கிறது. உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம்.

இனிப் பின்வாயிலுக்கு வருவோம். மாணவரின் வினா என்னை அங்கேதான் இட்டுச் சென்றது.

தோமஸ் லிப்டன் 1871-இல் கிளாஸ்கோ நகரில் முதற்கடையைத் திறந்தவர். 1890-இல் இலங்கைக்கு வந்து மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அக்காலத்தில் இங்கிலாந்தில் நல்ல தேயிலை விலை கூடிய பொருள். அவர் இடைத்தரகரை விலக்கி, ஏறக்குறைய பாதி விலைக்கு அதனை விற்றார். இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று நிறை குறித்த பொதிகளில் அடைத்தமையால் கலப்படத்திற்கும் நிறைமோசடிக்கும் இடமில்லாது போயிற்று. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவர் விளம்பரம். ஆலைத் தொழிலாளியின் வீட்டிலும் நல்ல தேநீர் கிடைத்தது. முன்வாயிலைப் பொறுத்தவரை இதனினும் சிறந்த பணி எது?

ஆனால் அந்த விளம்பரத்திலே தோட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றவர்கள் யாவர்? நம் முன்னோர். இத்தீவின் தோட்டங்களில் அந்நாளில் துண்டு என்றொரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அவன் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். கடனை ஏற்கும் தோட்டத்துக்கே அவன் போகலாம். கடனும் அவனுடனே போகும். அரிசியும் தோட்டத்திலேயே அளந்து கொடுக்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. விலை என்ன, அளவு சரியா என்று கேட்கும் நிலையில் அவன் இல்லை. வேறு கடைக்குப் போவேன் என்று சொல்லவும் அவனுக்கு வேறு கடை இல்லை. துண்டு முறை 1921-ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கிளாஸ்கோவிலே நிறை தவறாத பொதியை வாங்கிய அம்மையார் நன்மையையே கண்டார். அவர் கண்டது பொய்யன்று. நுகத்தின் மறுபக்கத்து எருதை அவர் காணவில்லை.

நான் இளமையில் ஆசிரியப்பணி தொடங்கியதும் ஒரு தோட்டப் பாடசாலையிற்றான். லயத்து மூதாட்டியர் சிலர் கடைக்குப் போவதைச் "சாமான் வாங்கப் போறேன்" என்று சொல்லமாட்டார்கள். "கணக்குக்குப் போறேன்" என்பார்கள். சட்டம் ஒழிந்து எழுபதாண்டு கழிந்தும் சொல் ஒழியவில்லை.

மறுபக்கத்து எருதையும் மறவாத வாணிகம் எங்கேனும் உண்டா என்று தேடத் தலைப்பட்டேன். தேடலில் 1844 என்னும் ஆண்டு அடிக்கடி எதிர்ப்பட்டது. சென்னையிலே ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலை தோன்றியது அவ்வாண்டில். இலங்கையிலே வில்லியம் மில்ன் என்பவர், பின்னாளிற் கார்கில்ஸ் எனப் பெயர்பெற்ற வாணிகத்தைத் தொடங்கியதும் அவ்வாண்டில். இங்கிலாந்தின் றொச்டேல் என்னும் ஊரிலே தேரை ஒழுங்கை என்று பொருள்படும் பெயருடைய ஒரு சந்தில், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சேர்ந்து 28 பவுண் முதலுடன் ஒரு கடை திறந்ததும் அவ்வாண்டு மார்கழி 21-ஆம் திகதிதான். வெண்ணெய், சீனி, மா, ஓட்மா, மெழுகுதிரி ஆகிய ஐந்துமே அக்கடையின் சரக்கு. மாவிலே சுண்ணாம்புப் பொடி கலந்து விற்ற காலம் அது. கலப்படமற்ற பொருள், சரியான நிறை, கடனில்லா விற்பனை, இலாபத்தை வாங்கியவர்க்கே வாங்கிய அளவிற்கேற்பப் பகிர்தல் என்பன அவர்கள் கொண்ட ஒழுங்குகள். கடைக்காரனும் வாடிக்கையாளனும் ஒருவனேயானால் யார் யாரை ஏமாற்றுவது?

அவ்வியக்கத்தின் விதை நம் நாட்டில் முதலில் முளைத்த இடம் கண்டிக்கு அருகிலேயே உள்ளது என்பதை நம் மாணவரிற் பலர் அறியார். குண்டசாலைக்கு அப்பால், தும்பறையைச் சேர்ந்த மெனிக்ஹின்னையிலே 1906-ஆம் ஆண்டில் இலங்கையின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைந்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் அதற்கு ஐந்தாண்டு கழித்து 1911-இற்றான் வந்தது. வட்டிக்காரர் வாயிலிற் காத்து நின்ற உழவர், சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதலாகப் பங்கீட்டுப் பொருள்களை வழங்கும்பொருட்டுச் சங்கக் கடைகள் நாடெங்கும் பெருகின. அவற்றின் பிற்காலக் கதையில் அரசியலும் நீண்ட வரிசைகளும் கலந்துவிட்டன. அதனை விரிப்பதற்கு இஃது இடமன்று. எனினும் ஏட்டிலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் வைத்து, யாருக்கு எவ்வளவு என்று எல்லாருங் காண அளந்து கொடுத்த மனேச்சர்மாரை என் தந்தையார் வாழ்நாள் முழுதும் மரியாதையோடு நினைவுகூர்ந்தார்.

கார்கில்ஸ் நிறுவனத்தைப் பற்றி எழுத எனக்கு முதலிற் சிறிது தயக்கம் இருந்தது. தலதா வீதியிலுள்ள அதன் பழைய கட்டடம் என் சிறுவயதில் எங்களுக்குரிய இடமாகத் தோன்றியதில்லை. வெள்ளைத் துரைமார்க்கென்று வளர்ந்த கடை. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துச் செல்வோம். 1946-இலே அது யாழ்ப்பாணத்தவரான சேர் சிற்றம்பலம் கார்டினரின் தலைமையிற் பொது நிறுவனமாயிற்று. திரைப்படக் கொட்டகைகளாற் பெயர்பெற்ற அவரை, கொழும்பில் அவர் பெயர் தாங்கிய வீதியால் மட்டும் இன்று பலர் அறிவர். 1983-இற் கொழும்பிலே பேரங்காடி என்னும் புதுமுறைக் கடையை அந்நிறுவனம் திறந்தது. இவையாவும் முன்வாயிற் செய்திகளே. பின்வாயிற் செய்தி 1999-ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டிலே பயிரிடுவோரிடம் நேராக மரக்கறி கொள்ளும் தன் முதற் சேகரிப்பு நிலையத்தை அது திறந்த இடம் ஹங்குராங்கெத்தை.

மாணவரின் ஊர் அதுவே. விடுமுறையில் ஒருநாள் அவருடன் பஸ் ஏறிச் சென்றேன். தலாத்துஓயா கடந்து, மாரஸ்ஸன வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதை. கண்டியரசர் காலத்தில் அரண்மனை இருந்த ஊர். இன்று சரிவெங்கும் போஞ்சிக் கொடியும் தக்காளியும் கறிமிளகாயும். மாணவரின் தந்தையார் தோட்டத்து வேலையை விட்டு வெளியேறிக் குத்தகை நிலத்திற் பயிர் செய்பவர். வரம்பிலேயே எனக்கு ஒரு சாக்கை விரித்து அமரச் செய்து, தேநீர் வருவித்தார். மகன் கேட்ட வினாவை நான் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மாஸ்டர், வெலை கூடுறதும் கொறையிறதும் மழை வெயிலு மாதிரி. அதுக்கு யாரை நோவுறது? ஆனா நிறுக்கிறப்போ முள்ளு நம்ம கண்ணு முன்னால நிக்கணும். முன்னெல்லாம் ஒரு எடத்துக்குக் கொண்டு போவோம். சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சுத்தான் எழுதுவாங்க. ஏன்னு கேட்டா ஈரம்பாங்க, அழுகல்பாங்க. அழுகாத காலத்துலயும் அதே ரெண்டு கிலோதான்."

அந்த இரண்டு கிலோவைப் பற்றி அவர் சொன்னபோது குரலிற் கோபம் இல்லை. பழகிப்போன களைப்பே இருந்தது. எத்தனை சாக்கு, எத்தனை ஆண்டு என்று என் மனம் கணக்கிட்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் புலவர் கொள்வதை முதலில் வைத்தமைக்கு நான் வகுப்பிற் சொன்ன இலக்கண விடை அந்த வரம்பில் எனக்கே வெட்கமாயிருந்தது. விற்கும் இடத்தில் வாங்குவோன் கண் விழித்திருக்கிறான். பத்துக் கடை பார்க்கிறான். சட்டமும் அவன் பக்கம் நிற்கிறது. கொள்ளும் இடத்திலோ, பறித்த காயை மாலைக்குள் விற்றாக வேண்டியவன் ஒருவன் தனியே நிற்கிறான். அங்கே அளவு தவறாதவனைத்தான் முதலிற் சொல்ல வேண்டும்.

சேகரிப்பு நிலையத்துக்கும் பெரியவர் என்னை அழைத்துச் சென்றார். பார்ப்பதற்குப் பெரிய காட்சி ஒன்றுமில்லை. ஒரு கொட்டகை, நிறுவைப் பொறி, அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள். அந்தப் பெட்டியிலேதான் நுட்பம் இருக்கிறது. நம் வழக்கம் காயைச் சாக்கிலே திணித்து, வாயைத் தைத்து, லொறியிலே ஒன்றன்மேல் ஒன்றாக எறிவது. மேற்சாக்கின் பாரத்தாற் கீழ்ச்சாக்கின் காய் நசுங்கும். பறித்த பின்னும் காய் மூச்சு விடுகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சாக்குக்குள்ளே அவிந்து போகும். அறுவடைக்குப் பின் நம் நாட்டு மரக்கறி, பழங்களில் நூற்றுக்கு 30 முதல் 40 வரை வீணாகிறது என்று மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. விளைவித்தவனுக்கு இரண்டு கிலோ கழிவதும், நகரத்திலே வாங்குபவர் அழுகலுக்கும் சேர்த்து விலை கொடுப்பதும் அந்த ஒரே சாக்கினாற்றான். காற்றோட்டமுள்ள பெட்டியில் அடுக்கும்போது இரு பக்கத்து இழப்பும் குறைகிறது. இடையில் நிற்பவன் செய்யும் சிறு மாற்றம் இரண்டு எருதுகளின் கழுத்தையும் ஆற்றுகிறது. இதனைச் சட்டத்தால் ஒரே நாளில் எல்லார் மேலும் சுமத்த 2011-இன் இறுதியில் அரசு முற்பட்டபோது, பெட்டி வாங்கும் செலவு யாருடையது என்ற வினா எழுந்து, எதிர்ப்புக்கு இடமாகித் தளர்த்த நேர்ந்தது. கொள்ளும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 சதம் ஒதுக்கிப் பயிரிடுவோர் நன்மைக்கென ஒரு நிதியையும் கார்கில்ஸ் நிறுவனம் அமைத்தது.

புகழ்ச்சியோடு குறையையும் சொல்லிவிட வேண்டும். பேரங்காடிகள் காயின் தரம் பார்த்தே கொள்ளும். வளைந்த போஞ்சியும் புள்ளி விழுந்த தக்காளியும் பழைய சந்தைக்கே போக வேண்டும். "நல்லதை இவுங்க எடுத்துக்கிறாங்க, மத்ததுக்கு இன்னும் சாக்குத்தான்" என்றார் பெரியவர். வளைந்த போஞ்சிக்கும் நேரான போஞ்சிக்கும் சுவையில் வேற்றுமை இல்லை; கண்ணாடித் தட்டில் அடுக்குவதற்கே நேர் வேண்டும். அந்த விருப்பம் நம்மிடமிருந்துதான் பிறக்கிறது. நானும் கடையில் நேரானதையே பொறுக்கி எடுப்பவன்.

திரும்பி வரும்போது மாணவரைக் கண்டியிலே பேராதனை வீதியை ஒட்டிய ஒரு சிறு பலசரக்குக் கடைக்கு அழைத்துச் சென்றேன். பெயர்ப்பலகையில் எழுத்து உதிர்ந்த கடை. பெரிய நிறுவனங்களோடு அதனைச் சேர்த்துச் சொல்வது பொருந்துமோ என்று சிலர் எண்ணலாம். நான் எண்ணவில்லை. 2022-ஆம் ஆண்டினை எவரும் மறந்திரார். அவ்வாண்டு புரட்டாதியில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஓராண்டிலே நூற்றுக்கு 94.9 ஆயிற்று. பால்மா கண்ணிற் படவில்லை. சில இடங்களிற் பொதிகள் பின்னறைக்குப் போய், மறுவாரம் வேறு விலையோடு வெளிவந்தன. இந்தக் கடை முதலாளியிடம் ஒருநாட் காலையில் நாநூறு கிராம் பொதிகள் பன்னிரண்டு வந்ததை நான் கண்டேன். அவர் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்தார். எந்த வீட்டிற் கைக்குழந்தை இருக்கிறது என்று அதிற் குறித்து வைத்திருந்தார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தேயிலைச் சாயம் போதும்" என்றார். உறையில் அச்சிட்ட விலைக்கே பன்னிரண்டும் பன்னிரண்டு வீட்டுக்குப் போயின. எனக்கு அன்று கிடைக்கவில்லை.

நாங்கள் சென்ற வேளையில் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி ஒருவர் கடையில் நின்றார். ஒரு பையிலே கறிவேப்பிலையும் தேசிக்காயும் கொண்டு வந்திருந்தார். முதலாளி அவற்றைத் தராசில் இட்டு, முள் நிற்கும்வரை கையை எடுத்துவிட்டு நின்றார்.

"ஆச்சி, பாத்தீங்களா? தேசிக்காய் ஒண்ணரைக் கிலோவுக்கு மேல நிக்குது."

"நீ பாத்தா சரி தம்பி."

"நான் பாத்தா போதாது. நீங்க பாருங்க."

மூதாட்டி குனிந்து பார்த்தார். பின்னர் அவர் சீனியும் பருப்பும் கேட்டார். முதலாளி அதே தட்டைத் துடைத்து அதே தராசில் நிறுத்தார். அவரிடம் கொண்டதற்கு இவ்வளவு, அவருக்குக் கொடுத்ததற்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். மூதாட்டிக்கு எழுத்துத் தெரியாது. நாற்பது ரூபாய் மிச்சம் வந்தது. அதனை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, குடையை விரித்து, அவர் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.

என் மாணவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி அவரிடம், "தம்பிக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.